மாமரத்தை இரண்டு அங்குலம் தள்ளியது

ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் என் மனைவி என்னை ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டாள். எனக்கு ஓவியத்தில் ஆர்வம் இருப்பதாக அவள் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மணி நேரமாவது நான் வீட்டில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அவள் பக்கம் நியாயம் இருந்தது. முப்பத்து நான்கு வருஷம் நில அளவையராக இருந்தவன் நான். கம்பைநல்லூர்ப் பக்கம் தொடங்கி, மாவட்டத்தில் நான் சங்கிலி போடாத ஊர்கள் குறைவு. ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் டேப் இருந்தது. சும்மா இருக்கிற கை தானாக அதை எடுத்துவிடும். சமையலறை அலமாரி ஒரு பக்கம் அரை அங்குலம் இறங்கியிருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். இத்தனை வருஷம் அதில் டப்பா அடுக்கியவளுக்கு அது தேவையில்லாத தகவல். எதிர்வீட்டுக்காரர் புதிதாக வைத்த கேட் தெருவுக்குள் நாலு அங்குலம் வந்திருக்கிறது என்று அவரிடமே சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவள் தருமபுரியில் வகுப்பு விசாரித்தாள்.

"எதுனா வரைஞ்சிக்கிட்டு இருங்க. உங்களுக்குத்தான் படம் போட வருமே," என்றாள்.

அவள் சொன்னது புலப்படத்தை. ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் எங்கள் அலுவலகத்தில் ஒரு படம் உண்டு. எல்லை, கல், கிணறு, வண்டிப்பாதை எல்லாம் அளவோடு அதில் இருக்கும். அந்த மாதிரிப் படம் எத்தனை போட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒன்றைக்கூட யாரும் அழகாக இருக்கிறது என்று சொன்னதில்லை. சரியாக இருக்கிறது என்றுகூடச் சொன்னதில்லை. தப்பாக இருந்தால் மட்டும் வந்து நிற்பார்கள்.

வகுப்பு ஒரு மருந்துக் கடையின் மாடியில் நடந்தது. சொல்லிக்கொடுப்பவர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை, முப்பது வயதுக்குள் இருக்கும், பொம்மிடியிலிருந்து பஸ்ஸில் வருவார். எட்டு பேர் படித்தோம். என்னை விட்டால் மற்ற எல்லோரும் வேலைக்குப் போகிற இளம் பெண்கள். கூடத்தின் மேற்குச் சுவர் செங்கோணத்தில் இல்லை என்பதை முதல் நாளே ஆசிரியையிடம் சொன்னேன்.

"பரவால்லைங்க சார், உக்காருங்க," என்றார்.

முக்காலி மேல் ஒரு செம்பையும் இரண்டு தக்காளியையும் வைத்து வரையச் சொன்னார். மற்றவர்கள் பென்சிலை நீட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது நான் முடித்துவிட்டேன். ஒரு சதுரம், அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம், பக்கத்தில் இரண்டு சின்ன வட்டம். மூலையில் வடக்கு எது என்று அம்புக்குறியும் போட்டேன்.

"சார், இது என்னங்க?"

"செம்பு. இது ரெண்டும் தக்காளி."

"மேல இருந்து பாத்த மாதிரி இருக்குதுங்களே."

"மேல இருந்துதாங்க பாக்கணும். பக்கவாட்டுல பாத்தா ஒண்ணு இன்னொண்ண மறைச்சிக்கும்."

"மறைக்கட்டும் சார்," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு கல்லை இன்னொரு கல் மறைக்கட்டும் என்று நான் விட்டிருந்தால் எத்தனை ஊரில் வெட்டுக்குத்து நடந்திருக்கும். ஆனால் வகுப்புக்கு மனைவி ஏற்கெனவே பணம் கட்டியிருந்தாள். உட்கார்ந்து, செம்பு தக்காளியை மறைக்கும்படி இன்னொன்று வரைந்தேன். பாதித் தக்காளியை மட்டும் வரைவது என் கைக்கு ஒப்பவே இல்லை. மீதிப் பாதி எங்கே என்று யாராவது மனு கொடுப்பார்கள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

வண்ணத்துக்கு வந்ததும் நிலைமை மோசமானது. எங்கள் தொழிலில் மை மூன்று நிறம். எல்லைக்குக் கறுப்பு, உட்பிரிவுக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம். இங்கே பெட்டியில் பதினெட்டு இருந்தது. ஊர் ஏரியை வரையச் சொன்னார். நான் தண்ணீருக்கு நீலம் அடித்தேன், கரையைக் கறுப்பில் இழுத்தேன், மற்றதை வெள்ளையாக விட்டேன்.

"வானம் எங்கங்க சார்?"

"அது யார் பேர்லயும் பட்டா இல்லைங்க."

பின்பெஞ்சில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நான் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. முப்பத்து நான்கு வருஷத்தில் ஒருநாளும் நான் வானத்தை வரைந்ததில்லை.

இன்னொரு வாரம், கண்ணால் பார்க்காத எதையாவது கற்பனையில் வரைந்து வாருங்கள் என்றார். ஒரு பெண் இறக்கை வைத்த ஆட்டுக்குட்டியை வரைந்து வந்தாள். நன்றாகவே இருந்தது. நான் மூன்று நாள் யோசித்தும் ஒன்றும் வரவில்லை. கடைசியில் வெள்ளைத் தாளில் கட்டம் போட்டு, கீழே 'ஆய்வின்போது களத்தில் எதுவும் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆசிரியை அதை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நாலு மாதம் இப்படியே போனது. தூரிகையில் தண்ணீர் எவ்வளவு என்பது மட்டும் பிடிபடவில்லை. அதிகமானால் தாள் அப்பளம் மாதிரி நெளிந்தது, குறைந்தால் கோடு திட்டுத்திட்டாக நின்றது. ஒருநாள் நீலமும் மஞ்சளும் கலந்து பச்சை செய்யப் போய், கழுவாத தூரிகையிலிருந்து செம்மண் நிறம் அதில் இறங்கிவிட்டது. கெட்டுவிட்டது என்று நினைத்தேன். தாளில் தடவிப் பார்த்தால் சித்திரை மாதத்து எங்கள் ஏரித் தண்ணீர் அப்படியே வந்து நின்றது. அதன் பரப்பை இரண்டு முறை அளந்தவன் நான். அது இந்த நிறம் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினேன். "ஏரிதான்," என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

அப்புறம் ஆசிரியை கண்காட்சி அறிவித்தார். ஆளுக்கு ஒரு பெரிய படம், தாளில் இல்லை, பலகையில், அவரவர் இடத்தைப் பார்த்து வரைய வேண்டும். எனக்கு இருக்கும் இடம் இண்டூர்ப் பக்கத்து நிலம் ஒன்றுதான். அதைப் பற்றிச் சொன்னால் என் தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

தம்பி எனக்கு நாலு வயது இளையவன். நான் வேலைக்குப் போன பிறகு நிலத்தை அவன்தான் பார்த்தான். அப்பா காலமானதும் இரண்டாகப் பிரித்தோம். சண்டை எதுவும் இல்லை. நடுவில் வடக்குத் தெற்காக ஒரு கோடு, மேற்கு எனக்கு, கிழக்கு அவனுக்கு, வடகோடியில் இருக்கும் கிணறு பொது. சொந்த நிலத்தைச் சொந்தக் கையால் அளக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். வேறு ஆளைக் கூப்பிடுங்கள் என்று மனைவி சொன்னாள். என்னைவிடச் சரியாக அளக்கிறவன் யார் இருக்கிறான் என்று கேட்டுவிட்டு நானே அளந்தேன்.

கோடு மாமரத்துக்குக் கிழக்கே இரண்டடி தள்ளிப் போயிற்று. அதனால் மரம் எனக்கு வந்தது.

அது கொட்டை முளைத்து வந்த நாட்டு மாமரம். பழம் நாராக இருக்கும், நிழல் நன்றாக இருக்கும். தம்பி தன் இரண்டு மாடுகளையும் அதில்தான் கட்டுவான். மதியம் தூக்குப் போசியைத் திறந்து சாப்பிடுவதும், துண்டை விரித்துப் படுப்பதும் அதன் கீழேதான். கோட்டைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"ண்ணா, டேப்ப கொஞ்சம் தளத்திப் புடிச்சா ஆவாதா?"

"அளவுன்னா அளவு," என்றேன். டேப் பிடிக்க வந்த ஆட்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள். அவர்கள் எதிரிலேயே சொன்னேன். கல்லையும் நானே நட்டேன்.

மறுநாள் அவன் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு போய்த் தன் பக்கத்துத் தகரக் கொட்டகையில் கட்டினான். என்னிடம் பேசுவதை அன்றோடு நிறுத்தினான். ஏழு வருஷம் ஆயிற்று. அடுத்தடுத்த வீடு, ஒரே கிணறு, பேச்சு மட்டும் இல்லை. மாங்காய்க் காலத்தில் அவன் பக்கம் விழுகிற காய்களை எல்லாம் பொறுக்கி, கல்லைத் தாண்டி என் பக்கம் வரிசையாக வைத்துவிடுவான். அணில் கடித்ததையும் விட மாட்டான். ஒரு காயைக்கூட அவன் எடுத்துக்கொண்டதில்லை.

அளவு சரி. இன்றைக்கு யார் வந்து எந்தக் கருவியை வைத்து அளந்தாலும் அதே இரண்டடிதான் வரும். அதுதான் என் தொந்தரவே. தப்பாக அளந்திருந்தால் அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டிருப்பேன். சரியாக அளந்ததற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு பேச்சுக்கு ஆள் இல்லாமல் இருந்தபோதுதான், எனக்குப் பேச வேண்டியிருந்த ஆள் அவன் ஒருவன்தான் என்று உறைத்தது.

நிலத்தின் தெற்கு ஓரத்தில் நாற்காலி போட்டு, வழக்கம்போல வடக்கு பார்த்து உட்கார்ந்து வரைய ஆரம்பித்தேன். இடப் பக்கம் என் மோட்டார் ரூம். நேர் எதிரே மரம், அதற்குப் பின்னால் தூரத்தில் கிணறு. வலப் பக்கம் தம்பியின் ராகிக் கொல்லை. பகல் முழுக்க உட்கார்ந்து ஒரே இடத்தைப் பார்ப்பது எனக்குப் புதிது. வேலையில் இருந்தபோது அளந்தவுடன் கிளம்பிவிடுவோம்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் மர நிழல் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே நகர்ந்தது. மூன்று மணிக்கு முக்கால்வாசி நிழல் கல்லைத் தாண்டித் தம்பியின் நிலத்தில் கிடந்தது. தம்பி நடவுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தவன், தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு வந்தான். நிழல் முடிகிற இடத்திலிருந்து ஒரு எட்டு தள்ளி, வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டான். நிழல் விழுந்திருந்த மண் அவனுடையது. மரம் என்னுடையது என்பதால் அதன் நிழலும் அவனுக்கு வேண்டாம்.

புலப்படத்தில் நிழலுக்குக் குறியீடு கிடையாது. ஏழு வருஷமாக இது நடந்திருக்கிறது, நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அதற்கு மேல் என்னால் வரைய முடியவில்லை. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். தலைவலி என்று மனைவியிடம் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு பாதி முடிந்த படத்தை ஆசிரியை தூரத்தில் நின்று பார்த்தார்.

"நல்லா வந்திருக்குதுங்க சார். ஆனா மரம் நட்ட நடுவுல நிக்குது. படம் ரெண்டாப் பொளந்த மாதிரி இருக்குது. கொஞ்சம் ஒரு பக்கமாத் தள்ளிருங்க."

"தள்ள முடியாதுங்க."

"ஏங்க சார்?"

"அது அங்கதாங்க நிக்குது."

"படத்துலதாங்க தள்ளச் சொல்றேன்."

எந்தப் பக்கம் என்று கேட்டேன். இடப் பக்கம்தான் மோட்டார் ரூம் இருக்கிறதே, வலப் பக்கம் தள்ளுங்கள், ஒரு இரண்டு அங்குலம் போதும் என்றார். வலப் பக்கம் யாருடையது என்று அவருக்குத் தெரியாது. இரண்டு அங்குலம் என்றால் நிலத்தில் பதினெட்டு அடிக்கு மேல் வரும் என்று சொன்னேன். படத்துக்கு ஸ்கேல் இல்லைங்க சார் என்றார். ஸ்கேல் இல்லாத படத்தை எதற்கு வரைய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

மூன்று வாரம் தள்ளவில்லை. மோட்டார் ரூமை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன், கிணற்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படம் பிளந்தே நின்றது. விஷயத்தை மனைவியிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அந்த மரம் எங்க நிக்குதுன்னு ஊருக்கே தெரியும். படத்துல நகந்தா யாருங்க கேஸ் போடப் போறா?"

அன்றைக்குச் சாயங்காலம் மரத்தின் மேல் வெள்ளை அடித்து அழித்துவிட்டு, இரண்டு அங்குலம் கிழக்கே புதிதாக வரைந்தேன். அரசாங்க ஆவணத்தைத் திருத்துகிற மாதிரி இருந்தது. மரம் நகர்ந்ததும் நிழலும் கூடவே நகர வேண்டியதாயிற்று. நிழலைக் கறுப்பில் அடிக்கக் கூடாது என்று ஆசிரியை சொல்லியிருந்தார். நீலத்தில் கொஞ்சம் கத்தரிப்பூ நிறம் கலந்து அடித்தேன். அடித்த பிறகு நிழல் வெறிச்சென்று இருந்தது. இரண்டு மாடுகளை அதில் கட்டினேன், ஒன்று கறுப்பு, ஒன்று செவலை. வேர்மேல் ஒரு தூக்குப் போசி வைத்தேன். கிளையில் ஒரு துண்டைப் போட்டேன். எதுவும் இப்போது களத்தில் காணப்படுவதில்லை, எல்லாம் ஏழு வருஷத்துக்கு முந்தையவை. எல்லைக் கல்லை மட்டும் வரையவில்லை. அது புல்லுக்குள் மறைந்திருக்கட்டும் என்று விட்டேன்.

கண்காட்சி அதே மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வந்தவர்கள் மாடு நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒருவர் மோட்டார் ரூமைக் கோயிலா என்று கேட்டார். சாயங்காலம் படத்தைக் கையில் கொடுக்கும்போது ஆசிரியை, "வார்னிஷ் இன்னும் காயலைங்க சார், பேப்பர் சுத்தாதீங்க, ஒட்டிக்கும்," என்றார். அப்படியே தூக்கிக்கொண்டு இண்டூர் பஸ் ஏறினேன்.

முகூர்த்த நாள். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் படம், யார் தோளிலாவது வார்னிஷ் ஒட்டிவிடுமோ என்று தூக்கிப் பிடித்திருந்தேன். "சார், அந்தப் பலகைய யாருகிட்டயாச்சும் குடுங்க," என்று நடத்துநர் சத்தம் போட்டார். நிற்கிறவர் கையில் இருப்பதை உட்கார்ந்திருக்கிறவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வதுதான் வழக்கம், யார் எவர் என்று யாரும் பார்ப்பதில்லை. கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு கை நீண்டது. கொடுத்தேன். முன்னால் நின்றவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கியதும்தான் பார்த்தேன். ஜன்னல் ஓரத்தில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் படம்.

அவனும் அப்போதுதான் பார்த்தான். திருப்பிக் கொடுத்துவிடுவான் என்று நினைத்தேன். எங்கே கொடுப்பது, எனக்கு நிற்கவே இடமில்லை. இரண்டு ஓரத்தையும் விரலால் பிடித்துக்கொண்டு குனிந்து படத்தையே பார்த்தான். ஊர் வருகிற வரைக்கும் தலை நிமிரவில்லை. எனக்கு வேர்த்துக்கொண்டே இருந்தது. எங்கள் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் சொன்னான்.

"மரம் தப்பா நிக்குது."

ஏழு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு. என்னிடம்தான் சொல்கிறானா என்று ஒரு நிமிஷம் சந்தேகமாக இருந்தது.

"என்னா தப்பு?"

"இது எங்க பக்கம். மரம் உங்க பக்கந்தான நிக்கணும்."

அவன் வாயால் இதைக் கேட்க வேண்டும் என்று நான் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். இப்போது சொல்லிவிட்டான். எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

"டீச்சர் தள்ளச் சொன்னாங்க," என்றேன்.

"எவ்ளோ?"

"ரெண்டு இன்ச்சு."

அவன் தலையாட்டினான். பிறகு செவலை மாட்டின் மேல் படாமல், விரலை அதற்குக் கொஞ்சம் மேலே வைத்துக் காட்டினான். "இது செத்துப் போச்சு. போன ஆடியில."

"கொட்டாயில இல்லைன்னு பாத்தேன். கேக்க முடியல."

பஸ் நின்றது. அவன் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் இறங்கி நடந்தான். நான் பின்னால் நடந்தேன். இருட்டுவதற்குள் தெருவுக்கு வந்துவிட்டோம். அவன் தன் வீட்டு வாசலில் நின்று, "ஒட்டிக்குமா இது?" என்று கேட்டான்.

"நாளைக்குக் காஞ்சிரும்."

சரி என்று படத்தோடு உள்ளே போய்விட்டான். நான் என் வீட்டுக்குள் வந்தேன். படம் எங்கே என்று மனைவி கேட்டாள். தம்பி வூட்டுல என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கீழே உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் மதியம் நிலத்துக்குப் போனேன். மாமரத்தில் கறுப்பு மாடு கட்டியிருந்தது. நிழலில் தம்பி தூக்குப் போசியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் போசி மூடியில் கொஞ்சம் சோறு எடுத்து வைத்து நகர்த்தினான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே ஏதோ உறுத்தியது. புல்லை விலக்கிப் பார்த்தேன், நான் நட்ட கல்.

"தள்ளி உக்காருண்ணா," என்றான்.

அவன் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தேன்.